மேட்டுப்பாத்திக் கோதுமையில் குறை எங்கே? அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

சமதளத்தில் விதைத்த கோதுமை மஞ்சளித்தால் என்ன குறை என்று கேட்கிறோம். மண்ணை நீளவாக்கில் மேடாகக் கூட்டி, மேடுகளுக்கு இடையே தண்ணீர் ஓடச் சால் என்னும் பள்ளம் விட்டு அமைப்பது மேட்டுப்பாத்தி. அதில் விதைத்த கோதுமை மஞ்சளித்தால், அதற்கு முன்பாக, எந்த இடத்தில் மஞ்சளித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பாத்தியின் நடுவா, விளிம்பா, சாலின் அடியா, தலைமடையா, கடைமடையா, டிராக்டர் சக்கரம் ஓடிய சாலுக்குப் பக்கத்து வரிசையா என்பது தெரிந்துவிட்டால், காரணங்களில் பாதி அங்கேயே கழிந்துவிடும். ஏனெனில் இந்த முறையில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவதில்லை. அது சாலில் ஓடி, பக்கவாட்டில் கசிந்து, பாத்தியின் நடுவை நோக்கி ஏறுகிறது; உப்பு, தழைச்சத்து, காற்றோட்டம் ஆகியவையும் அந்த ஓட்டத்தின் வழியே இடம் மாறுகின்றன.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் உள்ள யாக்கி பள்ளத்தாக்கின் பாசனக் கோதுமையில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இப்படித்தான் விளைகிறது. இந்தியாவின் வடமேற்குச் சமவெளியில் நெல்லுக்குப் பின் வரும் கோதுமைக்கு இம்முறை 1990களின் நடுவில் வந்து சேர்ந்தது. கீழே உள்ளவை பஞ்சாப், ஹரியானா நிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாத்தியின் மேற்பரப்பு 37.5 செ.மீ., சால் 30 செ.மீ., ஒரு பாத்திக்கு 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசைகள் என்பது லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு. அந்த அளவையே அடிப்படையாகக் கொள்கிறேன். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு பேனாக்கத்தி, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஆகியவை இருந்தால் போதும்.

முளைப்பு திட்டுத் திட்டாக வந்திருக்கிறது

முதலில் வயலின் வரப்பில் நின்று இடைவெளிகளின் ஒழுங்கைப் பாருங்கள். ஒரே வரிசை நெடுகிலும் வெறுமையாக இருந்து, சில பாத்திகளுக்கு ஒருமுறை அதே வெறுமை திரும்பத் திரும்ப வந்தால், அது மண்ணின் குறையன்று. விதைப்புக் கருவியின் ஒரு குழாய் அடைத்திருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டினால் விதையே இருக்காது. இடைவெளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் மண்ணைத் தோண்டி விதையைத் தேட வேண்டும்.

விதை காய்ந்து கல்லாகக் கிடந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். நெல்லுக்குச் சேற்றுழவு செய்த மண், கோதுமை விதைப்பின்போது கட்டி கட்டியாகப் பெயரும். அந்தக் கட்டிகளைக் குவித்துப் பாத்தி போட்டால் உள்ளே காற்று இடைவெளிகள்தாம் மிகும், ஈரம் ஏறாது. இதற்கு மருந்து, விதைப்புக்கு முந்தைய பாசனம். பஞ்சாபில் இதை ரௌணி என்பார்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்து மண் பொலபொலப்பான பதத்துக்கு வந்த பிறகே பாத்தி போட வேண்டும். அது இப்போது கடந்துபோன காரியம் என்றால், சாலில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மெதுவாகத் தண்ணீர் விட்டு, அது பாத்தியின் நடுவை எட்டும்வரை நிறுத்தி வையுங்கள். அவசரப்பட்டுப் பாத்தியின் மேலே தண்ணீரை ஏற்றிவிடக் கூடாது. மேலே ஏறிய தண்ணீர் காய்ந்தால் மண் ஏடு கட்டிக்கொள்ளும், அதன் அடியில் முளை வளைந்து மடங்கிக் கிடக்கும்.

முளை வெளிவந்தும் மேற்பரப்பை எட்டாமல் மண்ணுக்குள்ளேயே வெளுத்துக் கிடந்தால் விதை ஆழமாக விழுந்திருக்கிறது. சரியான ஆழம் 4 முதல் 5 செ.மீ. பசுமைப் புரட்சிக் காலம்தொட்டு நாம் விதைக்கும் குட்டை ரகங்களுக்கு, முளையைப் பொதிந்து மண்ணுக்கு மேலே கொண்டுவரும் முளையுறையும் குட்டையானது. உயரமான பழைய ரகங்களைப்போல் ஆழத்திலிருந்து எழும் வலு அவற்றுக்கு இல்லை. புதிதாகப் போட்ட பாத்தி மெத்தைபோல் இருந்தால் விதைக் கொழு தன் கனத்தாலேயே கூடுதலாக அமிழும். எனவே பாத்தியை உருவாக்கும் கருவிக்குப் பின்னால் உருளை இல்லாமல் விதைக்காதீர்கள். உருளை போன பாத்தியின்மேல் நடந்தால் காலடித் தடம் பதிய வேண்டும், கணுக்கால் புதையக் கூடாது.

தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை

இதற்குப் பெரும்பாலும் சமன் செய்யாத நிலமே காரணம். லேசர் கருவியால் நிலத்தைச் சமன் செய்யாமல் மேட்டுப்பாத்தி போடுவது பாதிப் பயனைத்தான் தரும். ஆனால் சென்ற பாசனத்தில் கடைமடைவரை ஓடிய சால், இந்த முறை பாதியில் நின்றுவிட்டால் மேடுபள்ளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலின் ஓரமாக நடந்து, தண்ணீர் சுழித்து இறங்கும் இடத்தைத் தேடுங்கள். எலி வளைகள் பாத்தியைக் குறுக்கே துளைத்திருக்கும். ஒரு சாலின் தண்ணீர் அடுத்த சாலில் எழும்பும். பாத்தி மேடாகவும் வறட்சியாகவும் இருப்பதால் எலிக்கு அது கட்டித் தந்த வீடு. வளைகளை மண்வெட்டியால் வெட்டி மிதித்து அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் குடியுள்ள வளைகளாகக் கொண்டு எலி மருந்து வைக்க வேண்டும். எல்லா வளைகளிலும் மருந்தைக் கொட்டுவது காசுக்கும் கேடு, மற்ற உயிர்களுக்கும் கேடு.

சாலில் நெல் தாள் அடைத்துக்கொள்வதும் உண்டு. அதைக் கண்ணால் பார்த்தே நீக்கிவிடலாம். மணற்பாங்கான நிலத்தில் சாலின் நீளம் மிகுந்தால் தலைமடை மிதமிஞ்சிக் குடித்துவிடும். நடுவே ஒரு குறுக்கு வாய்க்கால் எடுத்து நீளத்தைப் பாதியாக்குவதைத் தவிர இதற்குச் சுருக்கு வழி இல்லை.

பாத்தியின்மேல் வெண்மை பூக்கிறது

வெண்மை பாத்தியின் நடுவில் கோடுபோலப் படர்ந்திருந்தால் அது உவர். இரு பக்கச் சால்களிலிருந்தும் ஏறும் தண்ணீர் நடுவில் சந்தித்து அங்கே ஆவியாகிறது. அது சுமந்து வந்த உப்பு அங்கேயே தங்குகிறது. மேலே சொன்ன அளவில் இரண்டு வரிசைகளும் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 9 செ.மீ. உள்ளே அமைவதால், உப்புக்கோடு இரு வரிசைகளுக்கும் நடுவே விழும். பயிர் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அகலமான பாத்தியில் மூன்று வரிசை விதைத்தவர்களுக்கு நடு வரிசை மட்டும் குட்டையாகி, இலை நுனி கருகி நிற்கும். அதைப் பார்த்துத் தழைச்சத்துக் குறை என்று யூரியா தூவுவது, எரிகிற இடத்தில் உப்பைத் தூவுவதுதான்.

உப்பு மிதமாக இருந்தால் ஒரு சால் விட்டு ஒரு சாலில் தண்ணீர் பாய்ச்சிப் பாருங்கள். ஈரம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதால் உப்பு நடுவைத் தாண்டி எதிர் விளிம்புக்குத் தள்ளப்படும். ஆனால் அந்த எதிர் விளிம்பில்தான் இரண்டாவது வரிசை நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே நிற்கும் பயிரில் இதை இருமுறைக்கு மேல் செய்வதை நான் விரும்புவதில்லை. நிலையான தீர்வு, அறுவடைக்குப் பின் நிலம் முழுவதும் நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கி வடிப்பதே. கோதுமைக்குப் பின் நெல் வருமானால் அந்த வேலையை நெற்பயிரே செய்துவிடும்.

வெண்மைக்குப் பதிலாகச் சாம்பலும் கருமையும் கலந்த படலம் தெரிந்து, சாலில் நிற்கும் தண்ணீர் கலங்கலாகவே இருந்து, பாத்தி நனைந்தால் கரைந்து உட்கார்ந்து, காய்ந்தால் செங்கல்லாகிவிடுமானால், அது களர், அதாவது சோடியம் மிகுந்த மண். உவருக்குச் செய்யும் வைத்தியம் களருக்குப் பலிக்காது. மண்ணின் கார அமில நிலையைச் சோதித்து, ஆய்வகம் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்ட பிறகே தண்ணீர் தேக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கையால் நீக்கிய சோடியத்தை மறு கையால் ஊற்றிக்கொண்டிருப்போம். ஹரியானாவின் கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கேஆர்எல் 210, கேஆர்எல் 213 ஆகிய ரகங்கள் களரையும் உவரையும் ஓரளவு தாங்கும். ஆனால் ரகம் தாங்குகிறது என்பதற்காக மண்ணைத் திருத்தாமல் விடுவது சரியன்று.

இருபத்தைந்தாம் நாளிலும் தூர் கட்டவில்லை

ஒரு செடியை மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கோதுமைக்கு இரண்டு வேர்த் தொகுதிகள் உண்டு. விதையிலிருந்து நேராகக் கிளம்பும் மெல்லிய வேர்கள் ஒன்று. மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. கீழே, தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்பும் தடித்த வெள்ளை வேர்கள் மற்றொன்று. இரண்டாவதையே கிரீட வேர் என்கிறோம். விதைத்த 20 முதல் 25 நாட்களில் அது இறங்கியாக வேண்டும். தூர்களுக்கு, அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டுகளுக்கு, சோறு போடுவது அந்த வேர்தான். அலசிய செடியில் அடிக்கணுவில் சிறுசிறு வெள்ளை முனைகள் தெரிந்து, அவை நீளாமல் முனை பழுப்பேறியிருந்தால், அவை இறங்க முயன்ற மண் காய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட செடியை நுனிவிரல்களால் ஆட்டினாலே கழுத்து ஆடும்.

சமதள வயலைவிட மேட்டுப்பாத்தியில் இந்த ஆபத்து மிகுதி. வயலில் முதலில் காயும் மண் பாத்தியின் மேல் மூன்று அங்குலம். கிரீட வேர் பிறப்பதும் அங்கேதான். எனவே முதல் பாசனத்தை 20ஆம் நாளைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள். சமதளத்தில் ஒரு பாசனத்துக்கு ஏழு ஏழரை செ.மீ. தண்ணீர் என்றால் பாத்திக்கு 5 செ.மீ. போதும், குறைவாகவும் சற்று அடிக்கடியும் தருவதே இந்த முறையின் இயல்பு. தண்ணீர் மிச்சமாகிறது என்ற மகிழ்ச்சியில் பாசன எண்ணிக்கையையும் குறைத்துவிட்டு, விளைச்சல் குறைந்ததும் பாத்தியைப் பழிப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பயிர் மஞ்சளிக்கிறது

இதில்தான் தவறுகள் அதிகம், என்னுடையதும் உட்பட. கர்னாலுக்கு அருகில் ஒரு வயலில் முதல் பாசனம் முடிந்த ஒரு வாரத்தில் கடைமடைப் பயிர் வெளிறிப்போனது. தழைச்சத்துதான் குறை என்று முடிவு கட்டி யூரியா தூவச் சொன்னேன். நிறம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் சாலில் இறங்கியபோது காலணி சேற்றில் மாட்டிக்கொண்டது. சால்களின் முடிவு வரப்பால் அடைபட்டு, தண்ணீர் வடிய வழியின்றி அடியில் தேங்கிக் கிடந்தது; வேரைப் பிடுங்கிப் பார்த்தால் நுனிகள் பழுத்து, அழுகல் வாடை வீசியது. வரப்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டதும் பத்து நாளில் பயிர் தேறியது. யூரியாவுக்குக் கொடுத்த காசு என் பாடத்துக்கான கட்டணம்.

ஆகவே வரிசை இது. கடைமடை மட்டும் மஞ்சளித்திருந்தால் முதலில் சாலின் ஈரத்தைப் பாருங்கள். நெல்லுக்குப் போட்ட சேற்றுழவால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் இறுகிய தட்டு ஒன்று இருக்கும். சாலின் அடி அந்தத் தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் தண்ணீர் இறங்காது. வடிகால் வெட்டுவது இப்போதைய வேலை. அடுத்த பருவத்துக்கு முன் உளிக்கலப்பை ஓட்டித் தட்டை உடைப்பது அடுத்த வேலை.

தலைமடை வெளிறி, கடைமடை கரும்பச்சையாக இருந்தால், யூரியா தண்ணீரோடு பயணம் செய்திருக்கிறது. வீசித் தூவும்போது யூரியாவின் ஒரு பங்கு சாலில் விழுகிறது. பாயும் தண்ணீர் அதைக் கரைத்துக் கடைமடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாத்தியின்மேல் விழுந்த பங்குக்கோ வேறு சிக்கல்: சமதளத்தில் தண்ணீர் மேலே பரவி யூரியாவை மண்ணுக்குள் கரைத்து இறக்கும், பாத்தியின்மேல் தண்ணீர் ஏறுவதே இல்லையாகையால் அது காய்ந்த மண்ணில் கிடந்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சமதளத்தில் சரியாக இருந்த பழக்கம் பாத்தியில் தவறாகிப் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மேலுரத்தை இரு வரிசைகளுக்கும் நடுவே, நான்கைந்து செ.மீ. ஆழத்தில், கருவியாலோ கைக்கொழுவாலோ கோடு கிழித்து இட்டு மூட வேண்டும். நிற்கும் பயிரில் உடனடியாக நிறம் திருப்ப வேண்டுமென்றால் 3 சதவீத யூரியாக் கரைசலைத் தெளிக்கலாம். அது கைத்தாங்கல்தான், மேலுரத்துக்கு மாற்றன்று.

இடம் எங்கும் சீராக மஞ்சளித்திருந்தால் இனி இலையைப் பாருங்கள். அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து, குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்து. குருத்து இலைகள் வெளிறி, அடி இலைகள் பச்சையாக இருந்தால் கந்தகம். ஜிப்சம் அதற்கும் உதவும். நடு இலைகளின் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடையே சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த புள்ளிகள் தோன்றி அவை கோடுகளாக இணைந்தால் மாங்கனீசு. பல ஆண்டு நெல் பயிரிட்ட மணற்பாங்கான நிலத்தின் நோய் இது, ஏனெனில் தேங்கிய தண்ணீரில் கரைந்த மாங்கனீசு ஆண்டுதோறும் கீழே இறங்கிப் போய்விடுகிறது. இதை மண்ணில் இட்டால் பயிருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். மாங்கனீசு சல்பேட்டை 0.5 சதவீதக் கரைசலாக, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோவை 200 லிட்டரில் கரைத்து, முதல் பாசனத்துக்கு இரண்டு நான்கு நாள் முன்பு ஒருமுறையும் பிறகு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறையும், வெயில் உள்ள நாளில் தெளிக்க வேண்டும்.

கடைசியாகக் கைக்குட்டை. ஜனவரி, பிப்ரவரியில் மூடுபனியும் குளிரும் ஈரமும் சேர்ந்த வாரங்களில், வயலின் ஒரு மூலையில் வட்டமாக மஞ்சள் தோன்றினால் இலையைக் கைக்குட்டையால் துடையுங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் அது மஞ்சள் துரு என்னும் பூஞ்சை நோய்; ஒட்டாவிட்டால் மேலே சொன்ன காரணங்களுக்குத் திரும்பிப் போங்கள். துருவின் புள்ளிகள் தையல் போட்டதுபோல் நரம்பை ஒட்டி வரிவரியாக இருக்கும். ஏக்கருக்கு 200 மி.லி. புரோபிகோனசோல் 25 ஈசி மருந்தை 200 லிட்டரில் கலந்து, வட்டத்தைச் சுற்றித் தாராளமாகவும் பரவியிருந்தால் வயல் முழுவதும் தெளிக்க வேண்டும். 1995இல் வெளியாகி வடமேற்கின் வயல்களை நிறைத்த பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகம் இந்த நோய்க்குத்தான் பணிந்தது; எனவே சென்ற ஆண்டு தாங்கிய ரகம் இந்த ஆண்டும் தாங்கும் என்று எண்ணிச் சும்மா இருக்க வேண்டாம். நம் பக்கத்துக்குத் தொடர்புள்ள ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம்: கருந்துருவும் பழுப்புத் துருவும் நீலகிரி, பழனி மலைகளில் கோடையைக் கழித்துச் சமவெளிக்கு இறங்குகின்றன என்பதைத் தாவர நோயியலாளர் கே. சி. மேத்தா நிறுவினார். மஞ்சள் துருவின் வழி வேறு. அது இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிறது.

பாத்தி சுத்தமாக இருக்கிறது, சாலில் களை மண்டுகிறது

இது குறையே அன்று, பாத்தி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். குல்லி டண்டா என்று பஞ்சாபிலும் மண்டூசி என்று ஹரியானாவிலும் அழைக்கப்படும் புல் ஈரமான மேற்பரப்பில்தான் முளைக்கும். பாத்தியின் காய்ந்த மேற்பரப்பு அதற்குப் பிடிப்பதில்லை. சாலில் முளைத்ததைச் சால் திருத்தும் கருவியால் 20, 25ஆம் நாளில் ஒருமுறை கிழித்துப் போட்டுவிடலாம். சமதளக் கோதுமைக்கு வாய்க்காத வசதி இது.

பாத்தியின்மேலும் புல் அடர்ந்திருந்தால், தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது அல்லது முளைப்புக்கு முன் தெளித்த களைக்கொல்லி பலிக்கவில்லை. அப்படித் தெளிக்கும் பெண்டிமெத்தலின் வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த பாத்தியின்மேல் தெளித்தால் அது வெறும் மஞ்சள் சாயம். இளம்பருவத்தில் கோதுமையையும் அந்தப் புல்லையும் பிரித்தறிய அடித்தண்டைப் பாருங்கள். புல்லுக்கு அடித்தண்டு செம்மையோடியிருக்கும், கோதுமைக்கு வெளிர்ப்பச்சை. கோதுமை இலை தண்டைத் தழுவும் இடத்தில் மயிர் முளைத்த சிறு காதுகள் இருக்கும். புல்லுக்கு அவை இல்லை. ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்ததால் 1990களின் தொடக்கத்திலேயே ஹரியானாவில் இந்தப் புல் அதற்கு மசியாமல் போனது. அடுத்து வந்த மருந்துகளிலும் அதே கதை தொடர்கிறது. எனவே சென்ற பருவம் கிளோடினாபாப் களைக்கொல்லி தெளித்த வயலில் இந்தப் பருவமும் அதையே தெளிக்காதீர்கள். அகன்ற இலைக் களையில் பெரிதாகத் தொல்லை தருவது நாம் சக்கரவர்த்திக் கீரை என்று கடைந்து உண்பதுதான். இளசாக இருக்கையில் பிடுங்கினால் களையும் போகும், கறிக்கும் ஆகும்.

சால் மூடவில்லை, அல்லது பயிர் சாய்கிறது

எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றே: விதை அளவும் ரகமும் பாத்திக்குப் பொருந்தவில்லை.

மீட்டர் குச்சியை வரிசையில் வைத்துக் கணக்குப் பாருங்கள். சமதளத்தில் 22.5 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 40 கிலோ விதைத்தால் ஒரு மீட்டர் வரிசைக்கு ஏறத்தாழ 2.2 கிராம் விதை விழும். பாத்தியில் வரிசைகளின் சராசரி இடைவெளி 33.75 செ.மீ. ஆகிவிடுவதால், 30 கிலோவாகக் குறைத்தாலும் மீட்டருக்கு 2.5 கிராம் விழுகிறது. குறைக்காமல் அதே 40 கிலோவைப் போட்டால் 3.3 கிராம், அதாவது ஒரு மீட்டரில் எண்பதுக்கும் மேற்பட்ட செடிகள். அவை வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக உயர்ந்து, கதிர் கனத்ததும் சாலை நோக்கிச் சாய்கின்றன. பாத்தியில் கோதுமை சாயாது என்று சொல்வது விதையைக் குறைத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். விதை அளவு சரியாக இருந்தும் சாய்ந்தால், தழைச்சத்து மிகுந்ததா, காற்று வீசும் பிற்பகலில் தண்ணீர் பாய்ச்சப்பட்டதா என்று பாருங்கள்.

இதற்கு மாறாக, கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பொதிப்பருவம் வந்த பிறகும் மேலிருந்து பார்த்தால் சாலின் மண் தெரிந்தால், அங்கே விழும் வெயில் வீணாகிறது. நேராக நிமிர்ந்து வளரும், குறைவாகத் தூர் கட்டும் ரகங்கள் பாத்திக்கு ஏற்றவை அல்ல. பக்கவாட்டில் விரிந்து தூர் கட்டுபவையே சாலை மூடும். டிசம்பரில் தாமதமாக விதைத்தவர்களுக்கு எந்த ரகமானாலும் தூர் கட்ட நாள் போதாது. அத்தகைய தாமதத்தில் பாத்தியை விட்டுவிட்டுச் சமதளத்தில் நெருக்கமாக விதைப்பதே நல்லது என்பது என் கருத்து.

கதிர் வெளுக்கிறது, மணி சூம்புகிறது

தனித்தனிக் கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றால் ஒன்றைப் பிடித்து இழுங்கள். கதிரும் மேல்தண்டும் மட்டும் உருவி வந்து, தண்டின் உள்ளே கழிவும் இளஞ்சிவப்புப் புழுவும் இருந்தால் தண்டுத் துளைப்பான், நெற்பயிரிலிருந்து குடிபெயர்ந்தது. செடி வேரோடு எளிதாகக் கையில் வந்து, வேரும் அடித்தண்டும் அரித்து மண் பூசியிருந்தால் கரையான். காய்ந்த பாத்தி கரையானுக்குப் பிடித்த இடம். மணற்பாங்கான நிலத்தில் விதை நேர்த்தி செய்யாமல் பாத்தியில் விதைக்கவே கூடாது.

வயல் முழுவதும் ஒரே சமயத்தில் வெளுத்து, மணி சூம்பி, பதர் மிகுந்தால் அது மார்ச் வெப்பம். 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் 2022இல் வந்தது. அந்த ஆண்டு பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீரை நிறுத்தியவர்கள் அறுவடையில் அதை உணர்ந்தார்கள். சாய்ந்துவிடும் என்ற அச்சத்தால் சமதளத்தில் கடைசிப் பாசனத்தைத் தவிர்க்கிறோம். பாத்தியில் அந்த அச்சம் குறைவு, ஏனெனில் தண்ணீர் சாலில் நிற்கிறது, தண்டின் அடி இளகுவதில்லை. காற்று ஓய்ந்த மாலையில் சாலில் பாதி அளவு தண்ணீர் விட்டு, கடைமடையை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டில் விளிம்பு வரிசை மட்டும் குன்றுகிறது

பாத்தியைக் கலைக்காமல் அதன்மேலேயே அடுத்த பயிரை விதைப்பவர்களுக்கு வரும் குறை இது. குன்றிய வரிசைகள் இரண்டு பாத்திக்கு ஒருமுறை திரும்பி வந்தால் டிராக்டரின் சக்கரத்தைப் பாருங்கள். 67.5 செ.மீ. வீதம் இரண்டு பாத்திகளைக் கால்களுக்கிடையே வைத்து ஓட வேண்டுமானால், இரு சக்கரங்களின் நடுவுக்கு இடையே சரியாக 135 செ.மீ. இருக்க வேண்டும். அதைச் சரி செய்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும்: 45, 50 குதிரைத்திறன் டிராக்டர்களில் பரவலாக உள்ள 13.6 அங்குலப் பின்சக்கரம் ஏறத்தாழ 34.5 செ.மீ. அகலம், சாலோ 30 செ.மீ. ஒவ்வொரு நடைக்கும் டயர் பாத்தியின் விளிம்பை இரு பக்கமும் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல் இறுக்கிச் சரிக்கிறது. அறுவடை முடிந்ததும் ஒரு பாத்தியைக் குறுக்கே வெட்டி, பேனாக்கத்தியை விளிம்பிலிருந்து நடுவரை விரற்கடைக்கு ஒருமுறை குத்திக்கொண்டே வாருங்கள். கத்தி எந்த இடத்தில் இலேசாக இறங்கத் தொடங்குகிறதோ, அங்கிருந்துதான் அடுத்த விதைப்பின் வரிசை தொடங்க வேண்டும்; அல்லது ஒல்லியான டயருக்கு மாற வேண்டும்.